நாலாவது பிள்ளையின் மகன்

நார்மன் என்ற பேரைச் சத்தியவதி முதன்முதலில் கேட்டது, ஊசி முறிந்த ஒரு செவ்வாய்க்கிழமை. ஜீன்ஸ் காலில் உள்தையலும் ஓரமடிப்பும் சேருகிற கட்டியான இடம் ஒன்று உண்டு. அங்கே மிஷினை ஓட்டக் கூடாது. சக்கரத்தைக் கையால் திருப்பித் திருப்பித்தான் தாண்டவேண்டும். பதினோரு வருஷமாக அப்படித் தாண்டியவள் அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தாளோ, ஊசி டக்கென்று முறிந்து முனை எங்கேயோ தெறித்துவிட்டது. குனிந்து காந்தத்தால் தரையைத் துழாவிக்கொண்டிருக்கும்போது பில் கவுண்டர் கிளாரிசா எட்டிப் பார்த்தாள். கடைக்குப் புது சேல்ஸ்மேன் வந்திருக்கிறான், நம்ம தமிழ் ஆள், நம்ம மாதிரி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், பேர் நார்மன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊசி முறிந்த நேரத்தில் காதில் விழுந்த பேர் நல்லதற்கு இல்லை என்று சத்தியவதி அப்போதே மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

கடை புனேயில் ஔந்த் பகுதியில் இருந்தது. பேர் ப்ளூ கட்டா. கட்டா என்றால் புனேயில் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அரட்டை அடிக்கிற குட்டைச்சுவர். அந்தப் பிள்ளைகளை நம்பியே ஊரில் ஏழு இடத்தில் இதே பேரில் கடை போட்டிருந்தார்கள். சுவர் முழுக்க ஜீன்ஸ்தான். கிழித்து விற்பது, வெளுக்க வைத்து விற்பது, யானைக் கால் போல அகலமானது, உரித்தால்தான் கழலும் என்கிற மாதிரி ஒட்டிப் பிடிப்பது. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. விற்கிறவர்களுக்கும் இருபது, இருபத்திரண்டு வயதுதான். ட்ரையல் ரூம்களுக்குப் பின்னால், ஒரு கட்டில் போடுகிற அளவு இடத்தில், ஐம்பத்தெட்டு வயதுச் சத்தியவதி மட்டும் மிஷினோடு இருந்தாள். வாங்குகிறவர் உயரத்துக்குத் தக்கபடி ஜீன்ஸ் காலை வெட்டி மடித்துத் தைப்பது அவள் வேலை. கசார்வாடியிலிருந்து காலையில் பஸ்ஸில் வந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு மிஷினுக்கு உறை போடுவாள். லேத் பட்டறையில் இருந்த புருஷன் போனபிறகு அந்த மிஷின்தான் அவளுக்குச் சோறு.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு காலை வெட்டினால் கீழே ஒரு துணி வளையம் விழும். ஒரு ஜீன்ஸுக்கு இரண்டு வளையம். எல்லாத் தையல்காரர்களும் அதைக் குப்பையில் போடுவார்கள். இவள் போடமாட்டாள். வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் ஒரு பெண், “இரண்டு விரல் கூடுதலாக வெட்டிக் கெடுத்துவிட்டாள்” என்று கடை நடுவில் நின்று கத்தினாள். சரியாகத்தான் வெட்டினேன் என்று காட்டச் சத்தியவதி கையில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து இரண்டு வளையத்தையும் சேர்த்துக் கட்டி, தேதியும் இடுப்பு அளவும் ஜீன்ஸ் அட்டையில் இருக்கும் நம்பரும் எழுதிய துண்டுச்சீட்டைக் குத்தி வைத்துவிடுவாள். படிப்பு நாலாம் வகுப்பு. ஆனால் நம்பர் எழுதுவதில் பிழை வராது. சனிக்கிழமை தோறும் அந்த வாரத்து வளையங்களைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்த் தகரப்பெட்டியில் அடைத்துவிடுவாள். மனிதனை நம்பாதவள் துணியை நம்பினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நார்மன் வந்த மூன்றாம் நாள், கடை கொடுக்கிற ஜீன்ஸைச் சுருக்கித் தைக்க அவளிடம் வந்தான். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கடை ஜீன்ஸையே உடுத்த வேண்டும் என்பது சட்டம். ஒல்லியாக, உயரம் குறைவாக, முப்பது தாண்டின ஆள். சின்னப் பிள்ளைகள் நடுவே இந்த வயதில் ஒருவன் சேல்ஸ்மேனாக வருவானேன் என்பது முதல் கேள்வி. சாக்கட்டியால் குறி வைத்துக்கொண்டே அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“ஊரு எங்க தம்பி? யாரு மவன்?”

“நாசரேத் சைடு, ஆன்ட்டி. ஞானக்குளம்னு ஒரு கிராமம். தாத்தா பேரு தங்கராஜ் வாத்தியார். நாலு பசங்க. எங்கப்பா நாலாவது. ஜெபராஜ்.”

சத்தியவதியின் கையில் இருந்த சாக்கட்டி அப்படியே நின்றது. அவள் பிறந்தது புனேயில்தான். ஆனால் அவளுடைய பெரியம்மா ராகேலைக் கட்டிக்கொடுத்தது ஞானக்குளத்தில், தங்கராஜ் வாத்தியார் வீட்டுக்கு அடுத்த வீட்டில். மூத்தவன் பட்டாளத்துக்குப் போனது, இரண்டாவது மகன் சோலாப்பூரில் ரயில்வேயில் சேர்ந்தது, மூன்றாவது மகன் சாயர்புரத்தில் பெண் எடுத்தது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நாலாவது ஜெபராஜையும் தெரியும். ஆறு வயதில் கோடை விடுமுறைக்கு அவள் அங்கே போயிருந்தபோது, அவனைக் குளத்திலிருந்து தூக்கிக்கொண்டுவந்து முற்றத்தில் கிடத்தினார்கள். அவன் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியதுகூட ஞாபகம். அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

ஒன்பது வயதில் செத்துப்போனவனுக்கு முப்பது வயதில் ஒரு மகன் எப்படி வருவான்?

“அப்படியா, நல்ல குடும்பம்லா” என்று மட்டும் சொல்லி இரண்டு காலையும் வெட்டித் தைத்துக் கொடுத்தாள். அவன் போனதும் பெரிய கத்தரிக்கோலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அதற்குப் பிறகு அவன் செய்த ஒவ்வொன்றும் அவள் கண்ணில் திருட்டாகவே பட்டது. மற்றப் பிள்ளைகள் வடாபாவ் தின்னப் போகும்போது இவன் போவதில்லை. ஆள் இல்லாத நேரம் ஹேங்கர்களை விரலால் எண்ணுகிறான். ட்ரையல் ரூமுக்குள் போனால், கண்ணாடியைப் பார்க்காமல் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஜீன்ஸில் மாட்டும் பிளாஸ்டிக் பூட்டை எப்படிக் கழற்றுவது என்று கிளாரிசாவிடம் கேட்டிருக்கிறான். ஒரு நாள் சத்தியவதியிடமே வந்து, வெட்டின துண்டையெல்லாம் என்ன செய்வீர்கள் ஆன்ட்டி என்று சிரித்துக்கொண்டே கேட்டான். தலையணைக்கு அடைப்பேன் என்று அவளும் சிரித்துக்கொண்டே பொய் சொன்னாள்.

கிளாரிசாவின் அம்மாவும் சத்தியவதியும் கட்கி சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடினவர்கள். அந்த உரிமையில் ஒரு நாள் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாள்.

“இந்தா பாரு, அந்தப் பையன்கூட ஒரே ஆட்டோல போவாத. அப்பன் பேரையே மாத்திச் சொல்லுதவன் எதையும் மாத்துவான்.”

“ஐயோ ஆன்ட்டி, உங்களுக்கு எல்லார் மேலயும் டவுட். என் மேல இல்லையா?”

“உன் மேலயும் உண்டு. ஆனா உங்கம்மாவ எனக்குத் தெரியும்.”

தீபாவளி வாரத்தில் கடையில் ஒரு பேச்சு கசிந்தது. ஸ்டாக் எடுத்ததில் நாற்பத்தொரு ஜீன்ஸ் குறைகிறதாம். விற்ற கணக்கிலும் இல்லை, சுவரிலும் இல்லை. ஏழு கடைகளில் இந்தக் கடையில்தான் இவ்வளவு குறைச்சல். கேட்டதும் சத்தியவதி நார்மனைத்தான் நினைத்தாள். அவன் வந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது, குறைச்சல் அதற்கு முன்பே தொடங்கியது என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. கண் முழுக்க ஒருவன் மேல் இருந்தால் பக்கத்தில் நிற்கிறவன் தெரியமாட்டான்.

பக்கத்தில் நின்றவன் மானேஜர் ஜெயந்த். வாட்டசாட்டமான ஆள், கையைத் தூக்கினால் மேல்தட்டு ஜீன்ஸ் ஸ்டூல் இல்லாமலே வந்துவிடும். சத்தியவதியை மாவ்ஷி, மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவான். மராத்தியில் சின்னம்மா, பெரியம்மாவுக்கெல்லாம் அதுதான் வார்த்தை. இவனுடைய அம்மாவுக்கு நான் எப்போது கூடப் பிறந்தேன் என்று அவளுக்கு எரிச்சல் வரும். அந்த வருஷம், நார்மன் வருவதற்கு முன்பே, கணபதி விழாக் கூட்டத்தின்போது அவன் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தான். மற்றக் கடைகளில் பில் போட்ட பிறகுதான் காலை வெட்டுவார்கள். இவன், முதலில் வெட்டு, பிறகு பில் என்றான். காலை வெட்டிவிட்டால் அந்தப் பிள்ளை வாங்காமல் போகமாட்டான், மனசு கேட்காது என்பது அவன் கணக்கு. பிள்ளைகளின் மனசு நன்றாகவே கேட்டது. வெட்டக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு வருகிறேன் என்று போனவர்களில் பல பேர் திரும்பி வரவே இல்லை. அப்படி வெட்டிக் கிடந்த ஜீன்ஸை ஜெயந்த் தானே வந்து அள்ளிக்கொண்டு போவான். நான் பார்த்துக்கொள்கிறேன் மாவ்ஷி என்பான். குடோனுக்குத் திருப்பி அனுப்புகிறான் என்று அவள் நினைத்திருந்தாள்.

தீபாவளி முடிந்த சனிக்கிழமை. ஆறு மணி. சத்தியவதி மிஷினுக்கு உறை போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நார்மன் குறுக்கே வந்து நின்றான். பின்னால் ஜெயந்த். பாட்டை யாரோ நிறுத்திவிட்டார்கள்; கடை முழுக்க இவர்களையே பார்த்தது.

“சாரி ஆன்ட்டி. நான் ஹெட் ஆபீஸ் ஆளு. பையத் திறக்கணும்.”

அவன் சேல்ஸ்மேன் இல்லை. எந்தக் கடையில் துணி காணாமல் போகிறதோ அந்தக் கடைக்குச் சாதாரண வேலைக்காரன் மாதிரி வந்து சேர்ந்து, எல்லோரோடும் பழகி, கள்ளனைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதுகிறவன். ஒன்றரை மாதமாக இவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பையைக் கவிழ்த்ததும் நீல வளையங்கள் தரையில் உருண்டன. ஜெயந்த் கையைத் தட்டினான். பேன்ட் போன வழி தெரிந்துவிட்டது, துண்டு துண்டாக வெளியே போயிருக்கிறது என்று ஹிந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். ஆபீஸ் ரூமிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துவந்து நீட்டினான். கம்பெனித் துணியை எடுத்தேன், வேலையை விட்டு நானாகப் போகிறேன் என்று இங்கிலீஷில் இருப்பதாகக் கிளாரிசா படித்துச் சொன்னாள். தாள் முன்பே அச்சடித்துத் தயாராக இருந்தது.

சத்தியவதிக்கு ஜெபராஜின் பேர் வாய்வரைக்கும் வந்தது. அப்பனே இல்லாத பொய்யன் என்னைச் சோதிக்க வந்தானா என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், அத்தனை பேர் முன்னாலும் அவன் மானம் போகும். ஆனால் அவள் துருப்பை முதல் கையிலேயே இறக்குகிறவள் அல்ல. முழங்காலில் உட்கார்ந்து, வளையங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

“வாசிக்கத் தெரியாத தாள்ல நான் கையெழுத்துப் போடுதது இல்ல. ஏ கிளாரிசா, இந்தச் சீட்டுல இருக்க நம்பர அந்தக் கம்ப்யூட்டர்ல போடு. இந்தப் பேன்ட்ட எவன் வாங்கினான்னு சொல்லு.”

முதல் நம்பருக்குப் பில் இருந்தது. இரண்டாவதுக்கும் இருந்தது. ஐந்தாவது சீட்டுக்குக் கிளாரிசா திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பில் இல்லை. நார்மன் சீட்டை வாங்கித் தன் கைப்பேசியில் எதையோ தேடினான். அவன் முகம் மாறியதைச் சத்தியவதி பார்த்தாள். காணாமல் போன நாற்பத்தொன்றில் அந்த நம்பரும் ஒன்று.

“கால் இங்க இருக்கு. மீதிப் பேன்ட் எங்க? நான் ரெண்டு வளையத்தத் திருடிட்டுப் பேன்ட்ட இங்கயே விட்டுட்டுப் போறவளா?”

ஜெயந்த் அவசரமாக, அதெல்லாம் திங்கட்கிழமை பார்க்கலாம், முதலில் கையெழுத்து என்றான். நார்மன் அந்தக் கடிதத்தை எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். மற்ற வளையங்கள் எங்கே என்று கேட்டான். வீட்டில் பெட்டியில் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அவள் கசார்வாடி திரும்பியபோது அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே கூப்பிட்டாள், ஆனால் கதவைச் சாத்தவில்லை. தண்ணீர் கொடுத்தாள், டீ கொடுக்கவில்லை. தகரப்பெட்டியைத் தரையில் கொட்டினார்கள். அவள் ஒவ்வொரு நம்பராகப் படிக்க, அவன் கைப்பேசியில் இருந்த பட்டியலில் தேடினான். மத்தியானம் தாண்டியது. காணாமல் போன நாற்பத்தொரு நம்பரில் முப்பத்தாறு அந்தக் குவியலில் கிடைத்துவிட்டது. எல்லாம் முதலில் வெட்டு என்ற ஏற்பாடு வந்த பிறகு வெட்டினவை.

“மீதி அஞ்சு?”

“அது நிஜமாவே திருட்டு போயிருக்கும், ஆன்ட்டி. எல்லாக் கடையிலயும் அவ்ளோ போகும்.”

பிறகு அவன் ஒன்று சொன்னான். மூன்றாவது ட்ரையல் ரூம் கூரையில் ஒரு வெள்ளைப் பலகை மட்டும் ஓரத்தில் அழுக்காக இருந்தது. உற்றுப் பார்த்தால் நீல விரல் ரேகைகள். புது ஜீன்ஸை நிறையக் கையாண்டால் சாயம் விரலில் ஒட்டும், தொட்ட இடமெல்லாம் பதியும். கடையிலேயே எப்போதும் நீல விரல் உள்ள ஆள் சத்தியவதிதான். அதனால்தான் அவனுக்கு இவள் மேல் சந்தேகம் விழுந்தது. பலகையைத் திறக்காமல் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்தான்.

சத்தியவதி எழுந்து நின்றாள். தன் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினாள். அவள் நாலடி பத்தங்குலம்.

“ஏலே, ஸ்டூல் போட்டாக்கூட அந்தக் கூரை எனக்கு எட்டுமா? விரலப் பாத்த நீ ஆளப் பாக்க வேண்டாமா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டூல் இல்லாமலே எட்டுகிற ஆள் யார் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அந்த நேரத்தில்தான் அவள் தன் துருப்பை இறக்கினாள்.

“சரி. என் கணக்கு முடிஞ்சிட்டு. இப்ப உன் கணக்கச் சொல்லு. நீ யாரு மவன்?”

அவன் பழைய பதிலையே தொடங்கினான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஞானக்குளம், வாத்தியார் வீடு, பக்கத்து வீட்டு ராகேல் பெரியம்மா, எல்லாம் சொன்னாள். அவன் ஒரு வளையத்தை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றத் தொடங்கினான். பிறகு சொன்னான்.

அவனைப் பெற்றவள் ரோட்டு வேலைக்கு வந்த ஒரு தமிழ்ப் பெண். நாலு வயதில் சோலாப்பூரில் ஒரு மிஷன் ஹாஸ்டலில் விட்டுப் போனாள், திரும்பி வரவில்லை. ஹாஸ்டல் நோட்டில் அப்பன் பேர் இருந்த இடம் காலி. அங்கே அவனோடு ஒரே கட்டிலில் படுத்தவன் ஜோஷுவா, வாத்தியாரின் இரண்டாவது மகனான ரயில்வேக்காரரின் பையன். ஒரு கோடையில் அவன்தான் இவனை ஞானக்குளத்துக்குக் கூட்டிப்போனான். அந்த வீட்டில் தினமும் ஜெபத்தில் நாலு பிள்ளைகளின் பேரையும் வரிசையாகச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்பார்கள். மூன்று பேருடைய பேருக்குப் பின்னால் பெண்சாதி பேர், பிள்ளைகள் பேர் எல்லாம் வரும். ஜெபராஜ் என்ற பேருக்குப் பின்னால் ஒருவர் பேரும் வராது. எங்கேயோ தூரத்தில் தனியாக இருக்கிற சித்தப்பா போல என்று இவனாக நினைத்துக்கொண்டான். யாரும் உரிமை கொண்டாடாத பேர். அதை எடுத்துக்கொண்டான்.

செத்த பிள்ளையின் பேரையும் விடாமல் சொல்வது அந்த வீட்டு வழக்கம். வீட்டுக்காரர்களுக்கு அது தெரியும். விருந்தாளிப் பையனுக்கு யார் விளக்கிச் சொல்வார்கள்?

“அவரு இப்போ எங்க இருக்காரு, ஆன்ட்டி? உங்களுக்குத் தெரியுமா?”

“ஒம்பது வயசுல குளத்துல போயிட்டான்.”

நார்மன் விரலில் சுற்றுவதை நிறுத்தினான்.

“எல்லா ஃபார்ம்லயும் அவர் பேருதான் எழுதிருக்கேன். ஆதார்லகூட.”

மற்றதையும் அவனே சொன்னான். பத்தொன்பது வயதில் ப்ளூ கட்டா குடோனில் பெட்டி கட்டச் சேர்ந்தவன். எண்ணிக்கையில் கெட்டிக்காரன், கேள்வி கேட்க வீட்டில் யாரும் இல்லாதவன் என்று பார்த்து இந்த வேலைக்குப் போட்டார்கள். வெளியூர்க் கிளைகளில், ஒரு கடைக்கு நாலு மாதம். பழகுவான், சிரிப்பான், அறிக்கை எழுதுவான். யாராவது ஒருவருக்கு வேலை போகும். இவன் அடுத்த கடைக்குப் போவான். இதுவரைக்கும் ஏழு பேர். அவர்களில் ஒருவரும் இப்போது இவன் பேரை நல்ல வாயால் சொல்வதில்லை. எட்டாவது ஆளாகச் சத்தியவதி பேரைப் பாதி எழுதிவிட்டிருந்தான்.

அப்போதுதான் அவள் எழுந்துபோய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். சந்தேகம் முழுசாகப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கதவு திறந்தேதான் கிடந்தது.

திங்கட்கிழமை ஹெட் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது ட்ரையல் ரூம் கூரைப் பலகையைத் தள்ளியதும் முதலில் ஒரு ஜீன்ஸ் வழுக்கி விழுந்தது, பிறகு மூட்டையாக எல்லாமே விழுந்தன. முப்பத்தாறு. ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, எல்லாம் என் தையல்தான் என்று சத்தியவதி சொன்னாள். வெட்டினது விற்காமல் போன விஷயம் மேலே தெரிந்தால் தன் ஏற்பாடு தப்பு என்று ஆகிவிடும், அதனால் ஒளித்து வைத்தேன் என்று ஜெயந்த் ஒத்துக்கொண்டான். வருஷக் கடைசித் தள்ளுபடியில் கணுக்கால் மாடல் என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவிடலாம் என்று நினைத்தானாம். அப்படி விற்றிருந்தால் அந்தப் பிள்ளைகள் வாங்கியிருப்பார்கள் என்பதுதான் வேடிக்கை. அவனைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அச்சடித்து வைத்திருந்த கடிதத்தை நார்மன் சத்தியவதியிடமே கொடுத்தான். அவள் கிழிக்கவில்லை, மடித்துத் தகரப்பெட்டியில், வளையங்களுக்கு அடியில் வைத்தாள். என்றைக்காவது காட்ட வேண்டி வரும்.

நார்மன் யார் மகன் என்று கிளாரிசா பிறகு இரண்டு மூன்று தடவை கேட்டாள். ஞானக்குளத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்றுதான் சத்தியவதி சொன்னாள். அப்போ நீங்க முதல்ல சொன்னது என்று கிளாரிசா இழுத்தாள். ஞாபகப் பிசகு, வயசாச்சுல்லா என்று சொல்லிவிட்டுக் கட்டியான இடத்தைத் தாண்டச் சக்கரத்தைக் கையால் திருப்பினாள். அவள் ஞாபகம் பிசகி யாரும் பார்த்ததில்லை.

ஜெயந்தைப் பற்றி எழுதின அறிக்கையோடு நார்மன் இன்னொரு தாளும் எழுதிக் கொடுத்திருந்தான். இனிமேல் கள்ளன் பிடிக்கிற வேலை வேண்டாம், ஏதாவது ஒரு கடையில் ஒரே இடத்தில் நிற்கிற வேலை போதும் என்று. இப்போது அவன் ஆகுர்டியில் இருக்கும் ப்ளூ கட்டாவில் சேல்ஸ்மேனாக இருக்கிறான். அங்கே பில் போட்ட பிறகுதான் காலை வெட்டுகிறார்கள்.